குழந்தை யாரிடம் ஒட்டும், எப்படி ஒட்டும்? வேலைக்குத் திரும்புவது, காப்பகம், தத்து – விவாத இழை

#1 · பிறை (நெறியாளர்)

குழந்தை வளர்ப்புப் பகுதியில் ஒரே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கிறது. "விடுப்பு முடியுது, வேலைக்குப் போனா குழந்தை என்னை மறந்துடுமா?" "என்னைவிடப் பாட்டிகிட்டதான் ஒட்டுது." "கிரெச்சில் விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, அழுகை நிக்கல." "ஒன்றரை வயசுக் குழந்தையைத் தத்தெடுக்கிறோம், ஒட்டுமா?" எல்லாவற்றுக்கும் அடி ஒன்றுதான் என்பதால் தனி இழையாகத் திறக்கிறேன். பதில் எழுதுபவர்கள் வயது, நாள் கணக்கு, செய்முறை என்று விவரமாக எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 · ஆலம்விழுது

முதலில் அளவுகோல். விட்டுப் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதை வைத்துத்தான் வீடுகளில் ஒட்டுதலை அளக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. போனவர் திரும்பி வந்த பிறகு வரும் முதல் இரண்டு மூன்று நிமிடத்தைப் பாருங்கள்.

உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் 1960களில் உருவாக்கிய சோதனை இதை வைத்துத்தான் கட்டப்பட்டது. ஒரு வயதை ஒட்டிய குழந்தை, அம்மா, பழக்கமில்லாத ஒரு பெண், பொம்மைகள் உள்ள ஓர் அறை. எட்டுக் கட்டங்கள். முதல் கட்டம் அரை நிமிடம், மற்றவை மூன்று மூன்று நிமிடம். குழந்தை ரொம்பக் கலங்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள். அம்மா இரண்டு முறை வெளியே போய் இரண்டு முறை திரும்புகிறார். மதிப்பெண் முக்கியமாக அந்த இரண்டு திரும்புதலுக்குத்தான்.

நல்ல பிடிப்புள்ள குழந்தை அழுதிருக்கலாம், அழாமலும் இருந்திருக்கலாம். அம்மா வந்ததும் நேராகப் போகும், தூக்கச் சொல்லும் அல்லது கண்ணைப் பார்த்துச் சிரிக்கும், கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி மறுபடி பொம்மைக்குப் போய்விடும். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். மறுபடி விளையாடப் போவதுதான் ஒட்டுதல் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. இரண்டாவது வகைக் குழந்தை அம்மா வந்ததைக் கண்டுகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாவது வகை தூக்கச் சொல்லி அழும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் மறுபடி அழும், எவ்வளவு நேரமானாலும் ஆறாது. 1980களில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் நான்காவது ஒன்றைச் சேர்த்தார்கள்: அம்மாவை நோக்கி வந்து பாதியில் உறைந்து நிற்பது, பின்பக்கமாக நகர்ந்து வருவது போன்ற ஒழுங்கற்ற நடத்தை. யாரிடம் ஆறுதல் தேட வேண்டுமோ அவரே பயத்துக்கும் காரணமாக இருக்கும் வீடுகளில் இது அதிகம்.

1988இல் வான் ஐசென்டூர்னும் க்ரூனென்பெர்க்கும் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்தபோது முதல் வகை 65 சதவீதம், இரண்டாவது 21, மூன்றாவது 14. அதாவது மூன்றில் ஒரு குழந்தை முதல் வகையில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது வகை நோய் அல்ல. அந்தக் குழந்தை தன் வீட்டில் எது பலன் தருகிறதோ அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இனி வயது. பிறந்து முதல் ஆறு எட்டு வாரம் யார் தூக்கினாலும் பெரிய வித்தியாசம் காட்டாது (அம்மாவின் குரலும் வாசனையும் அதற்குத் தெரியும், அது வேறு விஷயம்). இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை தெரிந்தவர்களிடம் கூடுதலாகச் சிரிக்கும். ஆறு ஏழு மாதத்தில்தான் குறிப்பிட்ட சிலரிடம் ஒட்டுதல் உறுதியாகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில் புதுமுகம் கண்டால் அழுகையும் தொடங்கும். பிரிவுக்கு அழுவது பத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் உச்சத்தில் இருக்கும், அதன் பிறகு மெல்லக் குறையும். ஆறு மாதம் வரை எல்லோரிடமும் போன குழந்தை எட்டாம் மாதம் திடீரென்று பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்து அலறினால், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மூளை ஒரு படி ஏறியிருக்கிறது.

#3 · மழைக்காகம்

நல்ல விளக்கம். இரண்டு சந்தேகம். ஒன்று, இரண்டாவது வகை. விட்டுப் போனாலும் அழாது, வந்தாலும் கண்டுகொள்ளாது. வீட்டில் இதைத்தானே "சமத்து" என்கிறோம்? இரண்டாவது, குழந்தைக்கு "அதோ காக்கா பாரு" என்று ஜன்னலைக் காட்டிவிட்டு அம்மா பின்வாசல் வழியே நழுவிப்போவது. அழுகை இல்லாமல் காரியம் முடிகிறதே, அதில் என்ன தப்பு?

#4 · ஆலம்விழுது

முதல் சந்தேகத்துக்கு: அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை, துடிப்பு ஏறியிருக்கிறது. அழுதால் பலன் இல்லை, சில வீடுகளில் அழுதால் ஆள் இன்னும் விலகிப்போகிறார் என்று கற்ற குழந்தை, அழுகையை அடக்கி ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அழாத குழந்தை எல்லாமே இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில குழந்தைகள் பிறவியிலேயே நிதானம். வித்தியாசம் தெரிய, அடிபட்டபோது என்ன செய்கிறது என்று பாருங்கள். விழுந்து முட்டியில் இரத்தம் வந்தும் யாரிடமும் போகாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டால் கவனிக்க வேண்டும்.

#5 · செம்பருத்தி

காக்கா விஷயம். நழுவிப்போவதால் மிச்சமாவது அம்மாவுக்கு ஐந்து நிமிடம். குழந்தைக்கு என்ன பாடம் போகிறது? "ஜன்னல் பக்கம் திரும்பினால் அம்மா காணாமல் போகலாம்." அதன் பிறகு அது ஜன்னல் பக்கமே திரும்பாது. அம்மா குளிக்கப் போனாலும் கதவடியில் உட்கார்ந்து அழும், இரவில் புடவை முந்தானையைப் பிடித்தபடியே தூங்கும். இதைத்தான் நாம் "இப்பல்லாம் ரொம்ப ஒட்டிக்குது" என்கிறோம்.

சொல்லிவிட்டுப் போகும் முறை இது.

கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே பார்த்துக்கொள்ளப் போகிறவர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாட்டைத் தொடங்கிவிட வேண்டும். அம்மா கையிலிருந்து பிடுங்கி வாங்கக் கூடாது. அம்மா குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, தினமும் ஒரே வாக்கியம்: "அம்மா வேலைக்குப் போறேன். பால் குடிச்சு, தூங்கி எழுந்ததும் வருவேன்." ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஐந்து மணி என்றால் புரியாது, தூங்கி எழுந்ததும் என்றால் புரியும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, கிளம்பிவிட வேண்டும். மொத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாசல் வரை போய், அழுகை கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வருவதுதான் இருப்பதிலேயே மோசம். நீட்டி அழுதால் அம்மா திரும்புவார் என்று அது பிடித்துக்கொள்ளும்.

அழும். அழட்டும். பார்த்துக்கொள்பவர் "அழாதே, அம்மா போகல, இங்கதான் இருக்காங்க" என்று பொய் சொல்லக் கூடாது. "அம்மா போயிட்டாங்கன்னு அழுகை வருது. தூங்கி எழுந்ததும் வருவாங்க" என்று சொல்லித் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். சொன்ன நேரத்தில் வருவதுதான் இதில் முழு வேலையும். தூங்கி எழுந்ததும் என்று சொல்லிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்தால் அந்த வாக்கியம் செத்துவிடும்.

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "சாப்பிடலன்னா உன்னை விட்டுட்டுப் போயிருவேன்", "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்", "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்". பெரியவர்களுக்கு இது விளையாட்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு விளையாட்டும் நிஜமும் பிரியாது. விட்டுப் போவேன் என்ற மிரட்டல் எவ்வளவு கேடு என்று, ஒட்டுதல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த மனநல மருத்துவர் ஜான் போல்பி, ஒட்டுதல் பற்றிய தன் நூல் வரிசையில் 1973இல் வந்த இரண்டாம் தொகுதியில் விரிவாகவே எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்கு வேறு வழி தேடுங்கள்.

#6 · நெட்டிலிங்கம்

எனக்கு அடிப்படையிலேயே ஒரு மறுப்பு. போல்பி இங்கிலாந்துக்காரர், எய்ன்ஸ்வொர்த் சோதனை அமெரிக்காவில். ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு குழந்தை என்ற கணக்கு. நம் வீடுகளில் ஆத்தா, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு மடியில் வளர்கிற பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? ஜப்பானில் சப்போரோவில் சோதித்தபோது மூன்றாவது வகை அதிகம் வந்தது. அங்கே ஒரு வயது வரை குழந்தையை அம்மா கீழேயே விடமாட்டார். அறையில் தனியாக விட்டால் அது அலறாமல் என்ன செய்யும்? சோதனை அளந்தது ஒட்டுதலை அல்ல, பழக்கமில்லாத அதிர்ச்சியை.

#7 · ஆலம்விழுது

ஜப்பான் பற்றிச் சொன்னது சரி. சோதனை மிதமான பதற்றத்தைத் தர வேண்டும், அங்கே அது மிதமாக இல்லை. ஒரு நாட்டில் உருவான அளவுகோலை இன்னொரு நாட்டில் அப்படியே வைத்து எண் எழுதக் கூடாது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த 1988 தொகுப்பிலேயே நாடுகளுக்கு இடையே இருந்ததைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு ஒன்றரை மடங்கு அதிகம் என்று வந்தது.

ஆனால் தொடக்கம் அமெரிக்கா இல்லை. எய்ன்ஸ்வொர்த்தின் முதல் கள ஆய்வு 1954–55இல் உகாண்டாவில், கம்பாலாவை அடுத்த ஊர்களில், 26 குடும்பங்களில் நடந்தது. அங்கே பாட்டி, பெரியம்மா, மூத்த பிள்ளைகள் என்று பல கைகள் இருந்தன. அப்போதே அவர் கண்டது: பல கை இருந்தாலும் குழந்தை எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஒரு வரிசை இருக்கும். நன்றாக விளையாடும்போது யாரும் சரி. காய்ச்சல், தூக்கம், பயம் என்று வந்தால் வரிசையில் முதலில் இருப்பவர்தான் வேண்டும்.

அந்த வரிசையில் இடம் எப்படிக் கிடைக்கிறது? பெற்றதால் இல்லை, சோறு ஊட்டுவதாலும் இல்லை. ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட குரங்குக் குட்டி ஆய்வு நினைவிருக்கலாம். கம்பி பொம்மையில் பால் புட்டி, துணி பொம்மையில் ஒன்றுமில்லை. குட்டி பால் குடிக்க மட்டும் கம்பிக்குப் போய்விட்டு மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டிருந்தது. மனிதக் குழந்தைக்கு இடம் தருவது, கலங்கிய நேரத்தில் யார் வருகிறார், வந்தவரால் ஆறுகிறதா என்பது. பகல் முழுக்கப் பாட்டி இருந்தால் பாட்டி வரிசையில் இருப்பார். அம்மாவும் இருப்பார். ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டிய தேவை இல்லை.

இங்கேதான் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம். வந்த விருந்தாளி எல்லாம் "உனக்கு அம்மா வேணுமா, பாட்டி வேணுமா?" என்று கேட்பது, குழந்தை பாட்டி பக்கம் கை காட்டினால் கைதட்டுவது. அம்மாவுக்கு மனசு வலிக்கும், பாட்டிக்குச் சங்கடம், குழந்தைக்கு யாரையோ இழக்க வேண்டுமோ என்ற குழப்பம். நிறுத்தச் சொல்லுங்கள்.

#8 · முத்துச்சிப்பி

பாட்டி ஊருக்குப் போகிறார், அல்லது வீட்டோடு இருந்த ஆயா வேலையை விடுகிறார். குழந்தைக்கு ஒன்றே கால் வயது. பெற்றோர் இருவரும் இருக்கும்போது இது பெரிய விஷயமா?

#9 · செம்பருத்தி

பெரிய விஷயம்தான். ஆயா விஷயத்தில் யாருமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தினம் எட்டு மணி நேரம் தூக்கி, தூங்கவைத்த ஒருவர் திங்கட்கிழமை வரவில்லை என்றால் குழந்தைக்கு அது இழப்பு. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், அம்மாவை அடிக்கும். பல் முளைக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பழையவரும் புதியவரும் ஒன்றாக இருக்கும் நாட்கள் வேண்டும். ஒரு வாரம் குறைந்தபட்சம், இரண்டு வாரம் நல்லது. முதல் பாதியில் புதியவர் விளையாட மட்டும். பிறகு ஊட்டுவது, அதன் பிறகு கழுவிவிடுவது, கடைசியாகத் தூங்கவைப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தூக்கத்தில்தான் குழந்தை மிகவும் இளகியிருக்கும், அங்கே புதுக் கை கடைசியில் வர வேண்டும். போகிறவர் சொல்லிவிட்டுப் போகட்டும். பிறகும் அவர் பெயரைச் சொல்லலாம், படத்தைக் காட்டலாம், போனில் பேசவைக்கலாம். பெயரை எடுத்தால் ஏங்கிவிடும் என்று மறைப்பதுதான் ஏக்கத்தை நீட்டுகிறது.

#10 · கரிசல்

காப்பகம் பற்றி நாள் வாரியாக யாராவது எழுதுங்கள். முதல் நாளே வாசலில் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் இடங்கள்தான் அதிகம். "ரெண்டு நாள் அழும், மூணாம் நாள் பழகிடும்" என்கிறார்கள்.

#11 · செம்பருத்தி

மூன்றாம் நாள் அழுகை நிற்பது பழகியதாலும் இருக்கலாம், சோர்ந்துபோனதாலும் இருக்கலாம். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து இருந்த குழந்தைகளைக் கவனித்து மூன்று படி சொன்னார்: எதிர்ப்பு, ஏக்கம், விலகல். இரண்டாம் படியில் குழந்தை அமைதியாகிவிடும், செவிலியர்கள் அதைப் "பழகிவிட்டது" என்று எழுதினார்கள். அவர் 1952இல் எடுத்த படமும் அதைத் தொடர்ந்த வாதங்களும்தான் இங்கிலாந்தில் மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் பற்றிய 1959 பிளாட் குழு அறிக்கைக்கும், பெற்றோர் தடையின்றிப் பார்க்கலாம் என்ற அதன் பரிந்துரைக்கும் வழிவிட்டன.

நாள் வாரியாகக் கேட்டால் ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றும் பெர்லின் முறையைச் சொல்வேன்.

முதல் மூன்று நாள்: அம்மா அல்லது அப்பா குழந்தையோடு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் அறைக்குள்ளேயே இருக்கிறார். பிரிவு கிடையாது. பெற்றோர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார், "போ, போய் விளையாடு" என்று தள்ளமாட்டார், வந்தால் அணைப்பார். காப்பகத்தில் ஒரே ஒரு ஆயா இந்தக் குழந்தைக்கென்று ஒதுக்கப்படுகிறார். அவர் விளையாட்டு வழியாக மட்டும் நெருங்குகிறார். டயபர் மாற்றுவதை அம்மாதான் செய்கிறார், ஆயா பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

நான்காம் நாள் முதல் சோதனை. அது திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது, வார விடுமுறை பழக்கத்தை உடைத்திருக்கும். வந்து சில நிமிடத்தில் அம்மா சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகிறார், கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார். அதிகபட்சம் முப்பது நிமிடம். குழந்தை அழுது, ஆயா தூக்கியதும் சில நிமிடத்தில் ஆறினால் குறுகிய வழி போதும், மொத்தம் ஆறு நாள் அளவில் முடியும். ஆறவே இல்லை என்றால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே அம்மா உள்ளே வந்துவிட வேண்டும். அடுத்த சோதனை ஏழாம் நாளுக்கு முன் வேண்டாம். அப்போது இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆயா ஒரு வேலையை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்கிறார், பிரிவு நேரம் கூடுகிறது. கடைசிக் கட்டத்தில் அம்மா அங்கே இருக்க வேண்டாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருந்தால் போதும்.

முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? அழுகை நின்றால் என்று இல்லை. கலங்கிய நேரத்தில் குழந்தை அந்த ஆயாவைத் தேடிப் போய் ஆறினால்தான்.

பெர்லினில் லீசலோட்டே ஆனர்ட் குழுவினர் பதினைந்து மாதக் குழந்தைகளில் அளந்தபோது, அம்மா கூடவே இருந்த நாட்களில் நல்ல பிடிப்புள்ள குழந்தைகளின் கார்டிசால் (பதற்றத்தில் உடலில் ஏறும் ஹார்மோன்) குறைவாக இருந்தது. பிரிவு தொடங்கியதும் எல்லோருக்குமே முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டு அளவைவிட 75 முதல் 100 சதவீதம் ஏறியது. அம்மாக்கள் அதிக நாள் கூட இருந்து பழக்கிய குழந்தைகளுக்கு அம்மாவுடனான ஒட்டுதல் குலையவில்லை.

#12 · கரிசல்

நம் ஊர் அலுவலகத்தில் மூன்று வாரம் யார் தருவார்கள்?

#13 · பிறை (நெறியாளர்)

சட்டத்தில் இருப்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

26 வாரம், 12 மாதம் என்ற இந்த இரண்டு கணக்கையும் ஆலம்விழுது சொன்ன வயதோடு சேர்த்துப் பாருங்கள். 26 வாரம் முடியும்போது குழந்தை ஆறு மாதத்தை எட்டியிருக்கும் அல்லது நெருங்கியிருக்கும், ஒட்டுதல் உறுதியாகத் தொடங்கும் நேரம். விடுப்பின் கடைசி நான்கு வாரத்தில் பாட்டியோ ஆயாவோ தினம் இரண்டு மணி நேரம் பழகிவிட்டால் அவரும் அந்த வரிசைக்குள் வந்துவிடுவார். பன்னிரண்டு மாதத்தில் திரும்புபவர்களுக்குப் பிரிவு அழுகை உச்சத்தில் இருக்கும். அவர்கள் பழக்கும் நாட்களைக் கூட்டித்தான் வைக்க வேண்டும், பதினோராம் மாதமே தொடங்கிவிட வேண்டும். விடுப்புக்குள்ளேயே பழக்கும் நாட்களை வைத்தால் மேலதிகாரியிடம் கேட்கவே வேண்டாம்.

#14 · செம்பருத்தி

பத்து நாளாகச் சுருக்கலாம், அம்மாவும் அப்பாவும் நாளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம், பாட்டியும் கூட இருக்கலாம். ஆனால் இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முதல் மூன்று நாள் பிரிவில்லாமல் இருப்பது, ஒரே ஆயா என்பது. காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்தின் பெயர், சுவர்ப் படம், கேமரா எல்லாம் பிறகு. கேட்க வேண்டிய கேள்வி மூன்று: ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகள் எத்தனை பேரை ஒரு ஆயா பார்க்கிறார்? அவர் எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார்? பழக்கும் நாட்களில் நான் உள்ளே உட்காரலாமா? மூன்றாவதுக்கு "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி பத்து இடங்களில் 1,300க்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்த பெரிய ஆய்வு, காப்பகத்தில் விடுவது மட்டும் ஒட்டுதலைக் கெடுப்பதில்லை என்று கண்டது. வீட்டிலும் கவனிப்பு மந்தமாக இருந்து, அதோடு காப்பகம் தரமில்லாமல் இருந்தால், அல்லது வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போனால், அல்லது இடம் மாறிக்கொண்டே இருந்தால் பாதிப்புத் தெரிந்தது.

#15 · மழைக்காகம்

"தூக்கித் தூக்கி வெச்சா கைப்பழக்கம் ஆயிடும், அப்புறம் இறக்கவே முடியாது" என்ற பேச்சுக்கு என்ன பதில்?

#16 · ஆலம்விழுது

1972இல் சில்வியா பெல்லும் எய்ன்ஸ்வொர்த்தும் வெளியிட்டது: முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே போன வீட்டுக் குழந்தைகள் ஆண்டின் கடைசிக் காலாண்டில் குறைவாக அழுதன.

#17 · நெட்டிலிங்கம்

அதை 1991இல் ஹப்பர்டும் வான் ஐசென்டூர்னும் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படியே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாச் சிணுங்கலுக்கும் நொடியில் ஓட வேண்டும் என்று அந்த ஆய்வை வைத்து அம்மாக்களை விரட்டக் கூடாது.

#18 · ஆலம்விழுது

ஒப்புக்கொள்கிறேன். சிணுங்கலுக்கும் கலங்கிய அழுகைக்கும் வித்தியாசம் உண்டு. சிணுங்கும்போது பத்து நொடி பொறுத்தால் அதுவே கையைச் சப்பி அடங்கலாம். கலங்கி அழும்போது போக வேண்டும். கைப்பழக்கம் என்ற பயத்துக்கு வேறு ஆய்வு உதவும். நியூயார்க்கில் 1990இல் வெளியானது. ஏழைத் தாய்மார்களில் ஒரு பாதிக்குக் குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை, மறு பாதிக்குப் பிளாஸ்டிக் இருக்கை. பதின்மூன்று மாதத்தில் முதல் குழுவில் 83 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம் நல்ல பிடிப்பு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தூக்கி வைத்திருப்பது கெடுக்கும் என்பதற்கு எதிரான திசையில் நிற்கிறது.

எவ்வளவு சரியாகச் செய்ய வேண்டும் என்ற கேள்வி அடுத்து வரும். எட்வர்ட் டிரானிக் தாய்–சேய் காணொளிகளை நொடி நொடியாகப் பார்த்தபோது, நன்றாக இருக்கும் ஜோடிகள்கூட ஒத்துப்போவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரம் தவறிப்போகிறது, மறுபடி சேர்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பினால் அம்மா ஒரு நொடி நிறுத்திக் காத்திருக்கிறார், அது திரும்பியதும் தொடர்கிறார். இந்தச் சேர்தல்தான் ஒட்டுதலைக் கட்டுகிறது. 66 ஆய்வுகளின் தொகுப்பில் அம்மாவின் கவனிப்புக்கும் ஒட்டுதலுக்கும் இருந்த தொடர்பு 0.24தான். உண்மையான தொடர்பு, ஆனால் மொத்தக் கதையும் இல்லை.

#19 · முத்துச்சிப்பி

சிசேரியன் ஆகி, குழந்தை பத்து நாள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தால்? முதல் மணி நேரம் போய்விட்டதே என்று பலர் அழுகிறார்கள்.

#20 · செம்பருத்தி

முதல் சில மணி நேரத்தில் பிணைப்பு நடக்காவிட்டால் போச்சு என்பது 1970களின் கருத்து, பின்னால் நிற்கவில்லை. குழந்தையின் ஒட்டுதல் மாதக் கணக்கில் கட்டப்படுவது. தாய்ப்பால் தர முடியாதவர்களும் இதே பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு அனுமதித்தால் கங்காரு முறையில் மார்போடு வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவும் செய்யலாம்.

கவனிக்க வேண்டியது அம்மாவின் மனநிலை. பேறுகால மனச்சோர்வில் முகம் உறைந்துபோகும், குழந்தை கூப்பிட்டால் பதில் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, வெறுமை, "இந்தக் குழந்தை எனக்கு வேண்டாம்" என்ற எண்ணம் இருந்தால் இந்தச் சோர்வைக் கண்டறியும் எடின்பரோ பத்துக் கேள்வித் தாள் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

#21 · பிறை (நெறியாளர்)

தத்து பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது.

#22 · ஆலம்விழுது

ருமேனியாவிலிருந்து தொடங்க வேண்டும். 1989 வரை நீடித்த சௌசெஸ்கு சர்வாதிகார ஆட்சி விட்டுச்சென்ற அனாதை இல்லங்களில் ஒரு ஆயாவுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள். 2000இல் அந்நாட்டுத் தலைநகரில் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, 68 பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் ஒட்டுதல் மீண்டது, இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் கூடுதலாக. இரண்டு வயது தாண்டினால் முடிந்தது என்று படிக்க வேண்டாம். பிந்தினால் வேலை அதிகம், அவ்வளவுதான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

#23 · செம்பருத்தி

வீட்டுக்கு வந்த முதல் ஆறிலிருந்து எட்டு வாரம் எப்படி என்பதை எழுதுகிறேன்.

இல்லத்திலிருந்து அழைத்து வரும்போது அது போர்த்திய துணியைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். அந்த வாசனை மட்டும்தான் அதற்குத் தெரிந்த ஒரே பொருள். என்ன பால், என்ன நேரம், எந்தப் பாட்டு, குப்புறப் படுத்துத் தூங்குமா என்று அங்குள்ள ஆயாவிடம் நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கோப்பில் இது இருக்காது. முதல் இரண்டு வாரம் அதே உணவு, அதே நேரம்.

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் தூக்குவது, இந்த நான்கும் பெற்றோர் இருவர் மட்டும். உறவினர் வரலாம், விளையாடலாம், மடியில் வாங்க வேண்டாம். பெயர் சூட்டு விழாவை இரண்டு மூன்று மாதம் தள்ளிவையுங்கள். நூறு பேர் கைமாறும் அந்த ஒரு நாள் குழந்தைக்கு இன்னொரு இல்லம் மாதிரி. பெரியவர்களிடம் மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது: குழந்தை முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சிரித்துப் போகும். "உடனே ஒட்டிக்கிச்சு" என்பார்கள். அது ஒட்டுதல் இல்லை, யாரும் தனக்கென்று இல்லாததன் அடையாளம். இரண்டாம் மூன்றாம் மாதம் அம்மாவை விட்டு நகராமல் அழத் தொடங்கினால் அப்போது மகிழுங்கள். அழாமலே இருக்கும் குழந்தைக்கு, கேட்காவிட்டாலும் ஆறுதல் தர வேண்டும். விழுந்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து போனாலும் பக்கத்தில் போய்த் தடவி "வலிச்சிருக்கும்" என்று சொல்லுங்கள். மேரி டோசியர் உருவாக்கிய பத்து வார வீட்டுப் பயிற்சியின் முதல் பாடமே ஏறக்குறைய இதுதான். சாப்பாட்டை ஒளித்துவைத்தால் பிடுங்காதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கட்டும்.

தத்து நிறுவனத்திலிருந்து இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். வீட்டைப் பெருக்கிவைத்து எல்லாம் நல்லாயிருக்கு என்று அனுப்பிவிடாமல் தூக்கம், சாப்பாடு, அழுகை பற்றிய சந்தேகங்களை எழுதி வைத்துக் கேளுங்கள்.

#24 · நெட்டிலிங்கம்

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஒட்டாத குழந்தையை வலுக்கட்டாயமாக இறுக்கிப் பிடித்து, போர்வையில் சுற்றி "மறுபிறப்பு" செய்வதாகச் சொல்லும் சிகிச்சை ஒன்று இணையத்தில் உலவுகிறது. 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் இதில் பத்து வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அதைத் தடைசெய்தது. யார் பரிந்துரைத்தாலும் விலகுங்கள்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியது: ஒன்பது மாதத்துக்குப் பிறகும் தெரிந்தவர், தெரியாதவர் வித்தியாசம் இல்லை, கலங்கினாலும் யாரிடமும் போவதில்லை, தெருவில் முன்பின் தெரியாதவரோடு கைபிடித்துப் போய்விடுகிறது, வளர்ப்பவரைக் கண்டால் உறைகிறது. முதலில் காது கேட்கும் சோதனையும் ஆட்டிசச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், வெளியில் இவை ஒன்றுபோல் தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உள்ள, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் டி.இ.ஐ.சி. மையத்தில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள்.

#25 · கரிசல்

கடைசியாக ஒன்று. அப்பா வளைகுடாவில் வேலை. பதினான்கு மாதக் குழந்தை, முப்பது நாள் விடுப்பில் வருகிறார். கண்டாலே அலறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

#26 · செம்பருத்தி

விமான நிலையத்தில் கையை நீட்டித் தூக்க வேண்டாம். அம்மாவின் இடுப்பில் குழந்தை இருக்க, அப்பா அம்மாவோடு பேசிக்கொண்டு பக்கத்தில் நடக்கட்டும். குழந்தை அம்மா முகத்தைப் பார்த்துத்தான் இந்த ஆள் ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்யும்.

முதல் மூன்று நான்கு நாள் அப்பா தரையில், குழந்தையிடமிருந்து ஓர் அடி தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து டப்பாவில் ஸ்பூனைப் போட்டு எடுக்கிற மாதிரி ஏதாவது செய்யட்டும். நேராகக் கண்ணைப் பார்க்காமல் இருந்தால் அதுவே நெருங்கும். பொம்மையைக் கொடுத்தால் வாங்கித் திருப்பிக் கொடுக்கட்டும். அழுதால் "அப்பாகிட்டயே வரமாட்டேங்கிறியா" என்று யாரும் சொல்லக் கூடாது. ஐந்தாம் நாள் அளவில் ஒரு வேலையை அப்பா தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். மாலைக் குளியல் நல்லது, தினம் ஒரே நேரம், தண்ணீர் விளையாட்டு. இரண்டாம் வாரம் ஊட்டுவது. தூக்கத்தை மூன்றாம் வாரம் முயன்று பாருங்கள், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

திரும்பிப் போகும் நாள் குழந்தை தூங்கும்போது கிளம்பக் கூடாது, விமானம் நள்ளிரவாக இருந்தால் மாலையிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பா உடுத்திய, துவைக்காத ஒரு சட்டை வீட்டில் இருக்கட்டும். காணொளி அழைப்பு தினம் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம், "அப்பாக்கு ஹாய் சொல்லு" என்று கேட்காமல் குளியலில் பாடிய அதே பாட்டைப் பாடினால் போதும். முதல் சில நாள் குழந்தை போனைத் தட்டிவிடும், திரும்பிக்கொள்ளும். அழைப்பை நிறுத்த வேண்டாம், திரையை அதன் பக்கம் பிடிக்கவும் வேண்டாம். அம்மா கையில் வைத்துக்கொண்டு பேசட்டும், குரல் கேட்கும் தூரத்தில் அது விளையாடட்டும்.